ஜனவரி ஜிம்மும் பௌர்ணமி நடையும்

தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்குவதற்கே ஸ்கூட்டியை எடுக்கும் மனிதர், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலத்தில் செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் நடக்கிறார். நடுவழியில் கால் கடுக்கிறது. ஓரமாக உட்கார்ந்து சுக்குக் காபி குடிக்கிறார், எழுந்து மறுபடி நடக்கிறார். விடியற்காலை பஸ் பிடித்து ஊர் திரும்பி, அன்றைக்கே வேலைக்கும் போய்விடுகிறார். இதே மனிதர்தான் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டி ஜிம்மில் சேர்ந்தவர். பொங்கல் லீவுக்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலை காட்டாதவர்.

கேட்டால், 'நமக்கு வில்பவர் கிடையாது சார்' என்பார். இல்லாத வில்பவரை வைத்துக்கொண்டா மலையைச் சுற்றி வந்தார்?

பக்தி பெரிய காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தேதி காலண்டரிலேயே அச்சாகியிருக்கிறது. 'இன்னைக்குப் போகலாமா, நாளைக்குப் பார்த்துக்கலாமா' என்ற பேச்சுக்கே வழியில்லை. இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை பாதை நெடுக எட்டு லிங்கங்கள். நடப்பவர் யாரும் 14 கிலோமீட்டரை மொத்தமாகத் தலையில் சுமப்பதில்லை; 'அடுத்தது யம லிங்கம், அங்கே கொஞ்சம் உட்காரலாம்' என்றுதான் போகிறார். முன்னால் ஒரு பாட்டி, பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்திலும் இதே கதைதான். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமாகிவிட்டவை. காலை எடுத்து வைப்பது மட்டும்தான் நடப்பவரின் வேலை.

ஜிம்முக்குப் போகிறவருக்கு இந்த வசதிகளில் ஒன்றுகூடக் கிடையாது. நேரத்தை அவரே முடிவு செய்ய வேண்டும், தனியாகப் போக வேண்டும், போகாவிட்டால் கேட்க ஆளில்லை. பிறகு எல்லாப் பழியையும் மனதின் மேல் போட்டுவிடுகிறோம்.

உடம்பை அசைக்காத நாடு என்று இந்தியாவைச் சொன்னால் கோபம் வரலாம். 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சம். ஐந்து நாள், அரை மணி நேர வேக நடை. அதுவே இல்லை. மறுபக்கம், ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு 2023-ல் வெளியிட்ட எண்ணிக்கை: நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி.

வாசலில் நிற்கும் அந்த 13.6 கோடிப் பேருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாத விஷயமில்லை. நடக்கணும், அரிசியைக் குறைக்கணும், காய் அதிகம் சாப்பிடணும். ஆட்டோவில் பக்கத்து சீட்டில் வருபவர்கூடச் சொல்வார். தொடர்ந்து செய்யவைப்பது எது என்பதுதான் கேள்வி. அதற்கு ஆதாரத்தோடு பதில் சொன்ன ஆய்வுகளில் சில, சென்னைத் தெருக்களிலேயே நடந்தவை.

பணம் போட்டுக் கட்டிய பூங்கா

1996-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் 'சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வசிப்பது. மற்றது தியாகராய நகரில் குறைந்த வருமானக்காரர்கள் வசிப்பது. முதல் கணக்கெடுப்பில் திருமங்கலத்தில் வாரம் மூன்று முறைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவிகிதம்தான்.

அங்கே சர்க்கரை நோயைப் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடந்தன. இப்படிப்பட்ட கூட்டங்களின் தலையெழுத்து நமக்குத் தெரியும்: சமோசா, டீ, நன்றியுரை, கலைதல். திருமங்கலத்தில் கதை வேறு மாதிரிப் போனது. 'நடக்கச் சொல்றீங்க, எங்கே நடக்கிறது?' என்ற இடத்துக்கு வந்த குடியிருப்புவாசிகள், தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். சில வருடங்கள் கழித்து அதே ஆய்வுக்குழு மறுபடி போய்க் கணக்கெடுத்தபோது, வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 58.7 சதவிகிதம். நான்கு மடங்கு.

ஒரு பூங்கா என்ன அப்படிச் செய்துவிடும்? காலையில் பூங்காவுக்குப் போகும் எவரையும் கவனித்தால் விடை கிடைக்கும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு நடக்கும் மாமிகள் நடைக்காக மட்டும் வருவதில்லை. மருமகள் விவகாரத்தின் அடுத்த பாகம் கேட்கவும்தான் வருகிறார்கள். இரண்டு நாள் வராவிட்டால் 'என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?' என்று போன் வருகிறது. சொந்தப் பணம் போட்டுக் கட்டிய பூங்கா என்றால் இன்னும் ஒரு படி மேலே; செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்ப்பதற்காவது ஆள் வந்துதானே ஆக வேண்டும்?

பத்து வருடம் கழித்து இரண்டு குடியிருப்புகளையும் ஒப்பிட்ட முடிவு 2011-ல் வெளியானது. திருமங்கலத்தில் சர்க்கரை நோய் 12.4 சதவிகிதத்திலிருந்து 15.4 ஆகியிருந்தது. தியாகராய நகர்க் குடியிருப்பில் 6.5-லிருந்து 15.3-க்குத் தாவியிருந்தது. இந்தப் பாய்ச்சலுக்குப் பூங்கா இல்லாதது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. உழைப்பு குறைந்தது, எண்ணெயும் சர்க்கரையும் மலிவாகக் கைக்கு வந்தது, டி.வி. வந்தது என்று பல சேர்ந்திருக்கும். ஆனால் 'சர்க்கரை பணக்கார வியாதி' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த வேறொரு சோதனை, செல்போனை வைத்து நடந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஒரே ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக அவ்வப்போது குறுஞ்செய்தி: நடந்தீர்களா, என்ன சாப்பிட்டீர்கள் என்ற தினுசில் நினைவூட்டல்கள். இரண்டு வருட முடிவில், செய்தி வராதவர்களில் 27 சதவிகிதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகியிருந்தார்கள்; செய்தி வந்தவர்களில் 18 சதவிகிதம். 2013-ல் வெளியான முடிவு இது. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் தினம் வரும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூவைக் கிண்டல் செய்கிறோம். அதே கையோடு 'நடந்தாச்சா?' என்று ஒரு வரி போட்டால் அந்த ரோஜாவுக்கும் ஒரு உபயோகம் உண்டு.

ஆளைத் திரும்ப வரவைக்கும் ஏற்பாடு வெளியூரிலும் உண்டு. லண்டனில் பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் 2004 அக்டோபர் 2 அன்று புஷி பூங்காவில் 13 பேரை வைத்து ஆரம்பித்த சனிக்கிழமை ஓட்டம், இன்று 'பார்க்ரன்' என்ற பெயரில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஓட வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, நடக்கலாம். இதில் ரசிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவார். கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். எனவே வந்தவர் எவரும் கடைசியாக வந்ததாக ஆகாது. முதல் நாள் தொப்பையோடு வந்து நிற்பவர் மறுவாரம் ஏன் திரும்பி வருகிறார் என்பதற்கு இந்த ஒரு ஏற்பாடே பாதி விளக்கம்.

விட்ட இடத்திலிருந்து

மாலை போட்டு விரதம் இருக்கும் ஊர் இது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரு காரியத்தை விடாமல் செய்தால் உடம்பில் ஒட்டும் என்பது மருந்து கொடுக்கும் வைத்தியர் முதல் விரதம் சொல்லும் குருசாமி வரை எல்லோருக்கும் பழகிய கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். ஒரு புதுச் செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. அந்த 66-ஐ எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆய்வில் ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது என்பதை யாரும் சொல்வதில்லை. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதாரம் இல்லை என்பதும் அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் சேதாரமே அந்த ஒரு நாளில்தான் ஆரம்பிக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்கிறது, மூன்று நாள் நடை போகிறது. நான்காம் நாள் வெயில் அடித்தாலும் 'அதான் விட்டுப்போச்சே' என்று படுத்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி உள்ளே போய்விட்டால், 'இன்னைக்கு டயட் போச்சு' என்று மூன்றாவதையும் எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய ஜிம் நிறுவனத்தின் 61,293 உறுப்பினர்களை வைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட உபாயங்களை ஒரே நேரத்தில் சோதித்தார்கள். கேட்டி மில்க்மன் தலைமையில் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அத்தனை உபாயங்களிலும் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? ஒரு நாள் தவறவிட்டவர் மறுமுறை திரும்பி வந்தால் சில்லறையாகச் சில செண்ட் பரிசு. காசு ஒரு பொருட்டில்லை, அதில் ஒரு டீகூட வராது. இரண்டு நாள் தொடர்ந்து விடாதே, வந்துவிடு என்று யாரோ கூப்பிட்டதுதான் வேலை செய்திருக்க வேண்டும். இன்னொரு உண்மையும் அதில் உண்டு: நான்கு வாரச் சோதனை முடிந்த பிறகு பெரும்பாலான உபாயங்களின் பலன் கரைந்துபோனது. கூப்பிடுவதை நிறுத்தினால் வருவதும் நிற்கிறது.

பத்தாயிரம் அடி என்ற கெடுபிடியும் பலரைத் துரத்திவிட்டிருக்கிறது. அந்த எண் எந்த ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரில் இருந்தது. விளம்பரம் நன்றாக எடுபட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. வயதான அம்மாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டுப் பத்தாயிரம் ஆகலையே என்று பயமுறுத்தும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

போதிய உடலுழைப்பு இல்லாத அந்த 57 சதவிகிதப் பெண்களுக்கு வருவோம். நடக்க உகந்த நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழு. குக்கர் விசிலடிக்கும் நேரமும் டிபன் பாக்ஸ் கட்டும் நேரமும் அதுவேதான். மாலையில் தெருவிளக்கு எரிகிறதா, நாய் துரத்துமா, தெருமுனையில் டாஸ்மாக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே கால் வைக்க முடிகிறது. இதற்குத் தமிழ்நாட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வழி மொட்டை மாடி. அதோடு எட்டு நடை. மாடியிலோ வாசலிலோ சாக்பீஸில் பெரிதாக 8 போட்டு அதன்மேல் நடப்பது இப்போது மாநகராட்சிப் பூங்காக்களில் டைல்ஸ் பதித்த பாதையாகவே வந்துவிட்டது. எட்டு வடிவத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூட்டு வலி முதல் மலட்டுத்தன்மை வரை போகும் என்று பரப்புவது சுத்தப் புரளி. ஆனால் இருபதடி இடத்தில் அரை மணி நேரம் தலை சுற்றாமல் நடக்க இதைவிடச் சுலபமான யோசனை கிடையாது.

'வித்தவுட்' போதுமா?

பூங்கா வாசலில் காலை ஆறரைக்கு நின்று பார்த்தால் தமிழ்நாட்டின் மொத்த உணவுக் குழப்பமும் பத்தடி தூரத்தில் தெரியும். ஒரு தள்ளுவண்டியில் எவர்சில்வர் டிரம்களில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு, நெல்லி. மூடியில் மார்க்கர் பேனாவால் எந்தெந்த வியாதிக்கு எது என்று பட்டியல். பக்கத்திலேயே டீக்கடை, கண்ணாடிப் பெட்டியில் மெதுவடை. நடந்து முடித்தவர் வண்டியில் ஒரு கப் அருகம்புல் குடித்துவிட்டு, அந்தக் கசப்பு போக டீக்கடையில் 'ஒரு வித்தவுட்' சொல்லி, கூட ஒரு வடையும் எடுத்துக்கொள்கிறார். அரை மணி நடையில் எரித்ததில் பெரும்பகுதி அந்த ஒரு வடையிலேயே திரும்பி வந்துவிடும். ஆனாலும் அந்த 'வித்தவுட்' சாதாரண விஷயமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு சுமார் 25 கிராம். சொல்லிப் பழகிவிட்டால் மாஸ்டரே முகத்தைப் பார்த்துப் போட்டுக் கொடுப்பார், தினம் மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

தட்டில் பிரச்னை வேறு. ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவிகிதம் மாவுச்சத்து. அரிசிக்குப் பதில் கோதுமை, கோதுமைக்குப் பதில் சிறுதானியம் என்று மாறிக்கொண்டே போனாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததில் இருந்து கடைகளில் வரகு முறுக்கு, ராகி பிஸ்கட், தினை லட்டு குவிந்திருக்கின்றன. லட்டு லட்டுதான். குதிரைவாலிச் சோற்றைக் குன்றாகக் கட்டினால் அதுவும் சோறுதான். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், பக்கத்தில் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ என்பதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. பொரியல், கூட்டு, மசியல், சுண்டல் எல்லாம் நம் சமையலறையில் இருப்பவை. அளவுதான் தலைகீழாகிவிட்டது, சோறு மலை, பொரியல் ஒரு கரண்டி.

வீட்டில் உணவு மாற்றம் படுத்துவிடுவதற்கு இன்னொரு காரணம், யாரும் வெளியே பேசாதது. ஒருவருக்கு டயட் என்றால் இரண்டு சமையல். அவருக்கு ஓட்ஸ், பிள்ளைகளுக்குப் பூரி, மாமனாருக்குக் குழைந்த சாதம். அடுப்படியில் நிற்பவர் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பார். எட்டாம் நாள் எல்லோருக்கும் இட்லி. டயட் இருந்தவருக்கு மன உறுதி போகவில்லை, சமைத்தவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. மொத்த வீட்டுக்கும் ஒரே சாப்பாடு என்று, அதில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து ஒரு காய் கூட்டிய வீடுகளில் மாற்றம் நிற்கிறது. அந்தக் காயை நறுக்கித் தர இன்னொரு ஆள் இருந்தால் இன்னும் நிற்கும்.

அரசாங்கம் நடக்கவைக்க முடியுமா? 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர்; 2004-ல் சாலை விபத்தில் காலில் பலமாக அடிபட்டவரும்கூட. அவர் காலத்தில் 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கினார்கள். ஜப்பானில் பார்த்த யோசனை. மாதத்தில் முதல் ஞாயிறு நடை, அங்கேயே ரத்த அழுத்த, சர்க்கரைப் பரிசோதனை. பாதை, தேதி, கூட்டம் மூன்றும் சேர்ந்த ஏற்பாடு என்ற அளவில் கிரிவலத்துக்குத் தூரத்துச் சொந்தம். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்தது. கூட வருபவர்கள் அந்தந்த மலையின் உள்ளூர் வழிகாட்டிகள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்த மாநிலத்தில், மலையேற்றத்துக்கு முறையான அனுமதியும் வழிகாட்டியும் வந்தது தாமதமானாலும் நல்லது.

மாதம் ஒரு ஞாயிறும், வருடத்துக்கு ஒரு மலையும் சரி. மீதி நாளில் வீட்டு வாசலிலிருந்து நடக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-லேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் 60 சதவிகிதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் செலவிடுவதாகச் சொன்னது. 2019-ல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள். மோகன் குழு 1996-ல் கணக்கெடுத்த அந்தக் குறைந்த வருமானக் குடியிருப்பும் இதே தியாகராய நகரில்தான். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரஸின் விதி. இரண்டு பேர் பேசிக்கொண்டே போகலாம். கடைத்தெருவைத் தாண்டி உள் தெருக்களுக்குள் நுழைந்தால் அந்த 1.8 மீட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, மின்வாரியப் பெட்டி நிற்கிறது, மூன்று பைக்குகளும் ஒரு இஸ்திரி வண்டியும் நிற்கின்றன. காலை ஐந்தரைக்கே ஷூ கட்டிக்கொண்டு இறங்கியவர், தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு நடுரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார்.